கேள்விக்குப் பதில் எங்கே? தனிமனிதத் தாக்குதலையும் வாதப்போலிகளையும் அடையாளம் காண்போம்

கோயில் ஆண்டுப் பொதுக்கூட்டம், பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம், குடியிருப்பாளர் கூட்டம் என நம்மவர்கள் கூடும் இடங்களுக்குச் செய்தி சேகரிக்கச் செல்லும்போது, ஒரே மாதிரியான காட்சியை அடிக்கடி காண நேர்கிறது. பெரும்பாலும் அது இப்படித்தான் நடக்கும்.

பின்வரிசையில் இருந்து ஓர் இளைஞர் எழுகிறார். "திருவிழாச் செலவு 18,000 ரிங்கிட்னு போட்டிருக்கீங்க. பந்தலுக்கு எவ்வளவு, அன்னதானத்துக்கு எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியுங்களா?" என்று கேட்கிறார்.

"தம்பி, நீ வருசத்துல எத்தனை தடவை கோயிலுக்கு வர்றே? உங்கப்பா சந்தாவே ஒழுங்கா கட்டினதில்லை" என்று மேடையில் இருந்து பதில் வருகிறது.

கூட்டம் சிரிக்கிறது. இளைஞர் உட்கார்ந்துவிடுகிறார். பணம் எப்படிச் செலவானது என்பது தெரியாமலேயே கூட்டம் முடிகிறது. அடுத்த ஆண்டு அந்த இளைஞர் வருவதில்லை.

இதற்குப் பெயர் தனிமனிதத் தாக்குதல். சொன்ன கருத்தை விட்டுவிட்டு, சொன்ன ஆளைத் தாக்குவது. அப்பா சந்தா கட்டினாரா என்பதற்கும் பந்தல் செலவுக்கும் தொடர்பே இல்லை. 1966-ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்தின்படி, பதிவு பெற்ற சங்கம் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த 60 நாட்களுக்குள் தன் கணக்கைச் சங்கப் பதிவு இலாகாவிடம் ஒப்படைக்க வேண்டும். இலாகாவுக்குக் காட்டும் கணக்கை உறுப்பினர் கேட்பதில் தவறு என்ன?

நம் நூல்களில் வாதப்போலி

சரியான வாதம் போலத் தோன்றி, உண்மையில் பிழையாக இருப்பதே வாதப்போலி. இது மேற்கில் இருந்து வந்த புதுச் சரக்கு அன்று. கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் 13 வகைப் போலிகளைத் தொகுத்தார். தமிழில் மணிமேகலையின் 29-ஆவது காதையில், அறவண அடிகள் மணிமேகலைக்கு வாதம் செய்யும் முறையைக் கற்பிக்கிறார். பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று பிழையான வாதங்களை அங்கே வகைப்படுத்திக் காட்டுகிறார். தன்னைப் பெற்ற தாயையே பிள்ளை பெறாதவள் என்று ஒருவன் சொல்வது, தன் சொல்லையே தான் மறுக்கும் போலிக்கு அங்கு உதாரணம்.

நாம் அன்றாடம் சொல்லும் 'விதண்டாவாதம்' கூட நியாய சாத்திரத்தில் இருந்து வந்த சொல்தான். உண்மையைக் காண இருவரும் பேசுவது வாதம். எப்படியாவது வெல்லப் பேசுவது ஜல்பம். தனக்கென்று ஒரு நிலைப்பாடும் இல்லாமல் எதிராளியை வீழ்த்த மட்டுமே பேசுவது விதண்டை.

கூட்டங்களில் அதிகம் கேட்கும் போலிகள்

அதே 18,000 ரிங்கிட் கேள்விக்கு வரக்கூடிய மற்றப் பதில்களையும் பார்ப்போம்.

*நீ மட்டும் யோக்கியமா?* "நீ பள்ளிச் சங்கத்தில் இருந்தபோது கணக்குக் காட்டினாயா?" அவர் காட்டாமல் இருந்தால் அதுவும் தவறுதான். இரண்டு தவறு சேர்ந்து ஒரு சரி ஆகாது.

*திரித்துச் சொல்வது.* "அப்படியானால் எங்களைத் திருடன் என்கிறாயா?" அவர் கேட்டது செலவு விவரம். திருடன் என்ற சொல்லை அவர் சொல்லவே இல்லை. நியாய நூலார் இதைச் 'சலம்' என்பர். 'நவ கம்பளம்' வைத்திருக்கிறான் என்று ஒருவர் புதிய கம்பளத்தைச் சொல்ல, "இவனிடம் ஒன்பது கம்பளம் எங்கே இருக்கிறது?" என்று மற்றவர் மடக்குவது அவர்கள் காட்டும் உதாரணம்.

*இரண்டில் ஒன்று.* "எங்களை நம்பு, இல்லையென்றால் நீயே வந்து திருவிழாவை நடத்து." நம்பிக்கொண்டே கணக்குக் கேட்பது என்ற மூன்றாவது வழியும் உண்டு.

*வழுக்குப்பாறை.* "இன்று பந்தல் கணக்கு கேட்பான், நாளைக்குக் கோயிலையே பூட்டச் சொல்வான்." ஒன்றில் இருந்து மற்றொன்று எப்படி வரும் என்று விளக்காமல் பயம் மட்டும் காட்டப்படுகிறது.

*பழக்கத்தைக் காட்டுவது.* "முப்பது வருசமாக இப்படித்தான் செய்கிறோம், யாரும் கேட்டதில்லை." நீண்ட நாள் நடந்தது என்பதால் அது சரியாகிவிடாது.

எல்லாம் தாக்குதல் அல்ல

ஆளைப் பற்றிப் பேசுவது எப்போதுமே பிழை என்றும் சொல்ல முடியாது. பொருளாளர் பதவிக்கு நிற்பவர் முன்பு வேறொரு சங்கத்தில் பணத்தை ஒப்படைக்கவில்லை என்றால், அதைச் சொல்லத்தான் வேண்டும். அங்கே பேசப்படும் விசயமே அவருடைய நேர்மைதான். பந்தல் குத்தகையைத் தன் மைத்துனருக்குக் கொடுக்கச் சொல்பவரிடம் அந்த உறவைச் சுட்டிக்காட்டுவதும் நியாயமே. எழுந்து பேசுபவர் உறுப்பினர்தானா என்று கேட்பது கூட்ட விதி. "இவர் யார் என்பது இந்தக் கேள்விக்குத் தேவையா?" என்று பார்த்தால் வேறுபாடு விளங்கிவிடும்.

இன்னொன்றும் உண்டு. வாதம் பிழை என்பதால் முடிவும் பிழை ஆகாது. செயலவை மோசமாகப் பதில் சொன்னாலும், 18,000 ரிங்கிட்டும் ஒழுங்காகவே செலவாகியிருக்கலாம். அதைச் சொல்ல வேண்டியது ரசீதுகள்தாம்.

என்ன செய்யலாம்?

பதிலுக்கு நாமும் ஆளைத் தாக்கினால், கேள்வியைப் புதைக்க நாமே மண் அள்ளிப் போட்டதாகிவிடும். "ஐயா, என்னைப் பற்றிப் பிறகு பேசலாம். பந்தலுக்கு எவ்வளவு ஆச்சுங்க?" என்று அதே கேள்வியை மரியாதையோடு மறுபடி கேளுங்கள். கேள்வியும் பதிலும் கூட்டக் குறிப்பில் பதிவாக வேண்டும் என்று செயலாளரிடம் சொல்லுங்கள். முடிந்தால் கூட்டத்துக்கு முன்பே கேள்வியை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

உட்கார்ந்திருப்பவர்களுக்கும் பங்கு உண்டு. அந்தத் தாக்குதல் எடுபட்டதற்குக் காரணம் கூட்டம் சிரித்ததுதான். "தம்பி கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க" என்று ஒரு பெரியவர் சொன்னால் போதும். கேள்வி நிற்கும். அடுத்த ஆண்டும் அந்தத் தம்பி வருவார்.