கோணல் முகம் மேடையேறிய கதை

பற்றிக் வைற் என்றால் 1973ல் நோபல் பரிசு பெற்ற சிட்னி நாவலாசிரியர் என்றுதான் எங்களில் பலருக்குத் தெரியும். நாடகக்காரராக அவர் பட்டபாடு கொஞ்சநஞ்சமல்ல.

1932 தொடக்கம் 1935 வரை கேம்பிரிட்ஜில் ஜேர்மன், பிரெஞ்சு மொழிகளைப் படித்தவர். விடுமுறைகளில் ஜேர்மனியின் ஹனோவர் நகரில் தங்குவார். அந்த நாட்டு ஓவியத்தில் அதற்கு முன்பே ஒரு புரட்சி நடந்து முடிந்திருந்தது. 1905ல் டிறெஸ்டனில் 'பாலம்' என்ற குழுவைத் தொடங்கிய கிர்ஹ்னர் போன்றவர்கள், கண்ணுக்குத் தெரிகிற முகத்தை விட்டு மனம் படுகிற பாட்டை வரைந்தார்கள். முகம் பச்சையாகும், தெரு சரியும். 1920ல் வந்த 'டொக்டர் கலிகாரி' படத்தில் வீடுகளே கோணலாகத் தீட்டப்பட்டிருந்தன. 1937ல் நாஜிகள் இதையெல்லாம் 'சீரழிந்த கலை' என்று மியூனிக்கில் காட்சிக்கு வைத்துக் கேலி செய்தார்கள். அந்தக் கலைஞர்கள் பலர் எங்களைப்போலவே நாட்டைவிட்டு ஓடினார்கள்.

வைற் 1947ல் எழுதிய 'த ஹாம் பியூனரல்' நாடகத்தின் கதைக்கரு ஜேர்மனியிலிருந்து வந்ததல்ல. வில்லியம் டோபெல் என்ற எங்கட ஊர் ஓவியர் லண்டனில் குடியிருந்தபோது வீட்டுக்காரர் செத்துப்போனார். வீட்டுக்காரி, செத்தவீட்டுக்கு வருகிறவர்களுக்குப் பன்றித்தொடை இறைச்சி விருந்து வைக்கப் போவதாகச் சொன்னாளாம். அதை டோபெல் 1936ல் ஓவியமாக்கினார். எங்கட செத்தவீட்டில் அடுப்பே மூட்டமாட்டோம், பாருங்கோ!

கரு டோபெலுடையது, அதை மேடையில் வைத்த விதத்தில்தான் ஜேர்மன் கண் தெரிகிறது. முக்கியமான பாத்திரத்துக்குப் பெயரே இல்லை, வெறும் 'இளைஞன்'. கூத்தில் கட்டியகாரன் போல அவனே வந்து சபையோடு கதைக்கிறான். பக்கத்து அறைப் பெண் அவனுடைய மனத்தின் மறுபாதி. நிலவறைக் குசினியும் மேல்மாடி அறைகளும் ஒன்றாகத் தெரியும்; வீடே ஒரு மனம்.

கோணலுக்கு இங்கேயும் எதிர்ப்புத்தான். டோபெல் வரைந்த ஜோசுவா சிமித்தின் உருவப்படத்துக்கு 1943ஆம் ஆண்டுக்கான ஆர்ச்சிபால்ட் பரிசு கிடைத்ததும், அது உருவப்படமல்ல, கேலிச்சித்திரம் என்று இரண்டு ஓவியர்கள் 1944ல் வழக்குப் போட்டுத் தோற்றார்கள். வைற்றின் நாடகத்தை 1962 அடிலெயிட் விழாவுக்கு நாடகக்குழு சிபாரிசு செய்தும் விழா நிர்வாகிகள் மறுத்துவிட்டார்கள். குப்பைத்தொட்டிக்குள் கருச்சிசு கிடக்கும் காட்சியை அவர்களால் பொறுக்க முடியவில்லை. 1961 நவம்பரில் அடிலெயிட் பல்கலைக்கழக நாடக மன்றம் துணிந்து மேடையேற்றியது. எழுதிப் பதினாலு வருடம்!

1964 விழாவுக்கு அவருடைய 'நைற் ஓன் போல்ட் மவுன்ரின்' நாடகத்தையும் நிர்வாகிகள் தள்ளினார்கள். அதையும் அந்த மன்றம்தான் போட்டது.