தாத்தாவின் பெயரில் ஒரு திருத்தந்தை



புதிய திருத்தந்தையைப் பற்றி சார் ஏன் இன்னும் ஒன்றும் எழுதவில்லை என்று பலர் கேட்டுவிட்டீர்கள். எழுதுவதற்கு முன்னால் எனக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. அது என்னவென்று கடைசியில் சொல்கிறேன்.

மே 8-ஆம் தேதி இரவு, நம் நேரப்படி ஒன்பதரை மணி தாண்டி வெண்புகை வந்தது. அன்றைக்கு நம் தொலைக்காட்சிகளில் எல்லைச் சண்டைச் செய்திதான். தர்மசாலாவில் ஐபிஎல் ஆட்டத்தைக்கூடப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். நான் கைப்பேசியில் வத்திக்கான் நேரலையைப் போட்டு, ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தேன். 133 கர்தினால்கள். மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 89 வாக்குகள் வேண்டும். நான்காவது வாக்கெடுப்பிலேயே முடிந்துவிட்டது. வித்தெர்போ நகரில் 1268 முதல் 1271 வரை இழுத்துக்கொண்டே போன தேர்தலையும், ஊர்க்காரர்கள் பொறுமை இழந்து கர்தினால்களை உள்ளே வைத்துப் பூட்டியதையும் நான் வகுப்பில் சொன்னது சிலருக்காவது நினைவிருக்கும்.

ஒரு மணி நேரம் கழித்துப் பெயரை அறிவித்தார்கள். ராபர்ட் பிரான்சிஸ் பிரவோஸ்ட், அமெரிக்கர். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முகம் வாடிவிட்டது. ஆசியாவிலிருந்து ஒருவர் வரவேண்டும் என்று உள்ளுக்குள் ஆசை. "இதுவும் அவங்களுக்கேதானா?" என்று முணுமுணுத்தேன். "ஜெபமாலையைக் கையில வச்சிக்கிட்டுப் பேசுற பேச்சா இது?" என்றாள் என் மனைவி.

அப்போதுதான் அவர் தேர்ந்துகொண்ட பெயர் காதில் விழுந்தது. பதினான்காம் லியோ. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

உறவுகளுக்குக் காரணம் தெரியும். என் தாத்தா பெயர் சிங்கராயர். லத்தீனில் லியோ என்றால் சிங்கம். நம் முன்னோர் அதைத் தமிழாக்கிச் சிங்கராயர் என்றார்கள். தாத்தா பிறந்தபோது ரோமாபுரியில் இருந்த பாப்பரசர் 13-ஆம் லியோ. அவர் பெயரைத்தான் பிள்ளைக்கு வைத்தார்கள்.

அந்த 13-ஆம் லியோ 1878-இல் தேர்வானபோது அவருக்கு வயது 67. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே ரோமை நகரம் இத்தாலி அரசின் கைக்குப் போயிருந்தது. நாடும் படையும் இழந்த பதவிக்கு வந்தவர், 93 வயது வரை, 25 ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார். 1886-இல் இந்தியாவுக்கென்று முறையான மறைமாவட்டங்களை அமைத்தார். புதுச்சேரி உயர்மறைமாவட்டமானது அப்போதுதான். இந்த மண்ணின் பிள்ளைகளே இந்த மண்ணில் குருக்களாக வேண்டும் என்று சொல்லி, 1893-இல் கண்டியில் ஒரு குருமடத்தைத் தொடங்கவைத்தார். 1955-இல் புனேவுக்கு மாறிய பாப்பிறைக் குருமடம் அதுதான். அவர் அப்படிச் சொல்லி 30 ஆண்டுகள் கழித்து, 1923-இல், தூத்துக்குடிக்கு ரோச் ஆண்டகை ஆயரானார். 'நம்மவர் ஒருவர்' என்று நான் ஏங்கினேனே, அந்த ஏக்கத்துக்கு முதலில் வழி திறந்தவர் ஒரு லியோ.

அவர் 1891 மே 15-இல் எழுதிய சுற்றுமடல்தான் 'ரேரும் நோவாரும்'. தொழிற்புரட்சிப் பாடம் நடத்தும்போதெல்லாம், புத்தகத்தில் இல்லாவிட்டாலும் இதை உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். தொழிலாளர் சங்கம் வைக்கலாம், சிறு பிள்ளைகளை ஆலைக்கு அனுப்பக்கூடாது, ஓய்வு வேண்டும், சிக்கனமாக வாழும் குடும்பத்துக்குப் போதுமான கூலி வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. வேறு வழியில்லாமல் தொழிலாளி குறைந்த கூலிக்கு ஒத்துக்கொண்டால், அவர் ஒத்துக்கொண்டார் என்பதாலேயே அது நியாயமாகிவிடாது.

மே 10-ஆம் தேதி கர்தினால்களிடம் பேசிய புதிய திருத்தந்தை, இந்தச் சுற்றுமடலை முன்னிட்டே லியோ என்ற பெயரை எடுத்ததாகச் சொன்னார். அன்றைக்கு நீராவி இயந்திரங்கள், இன்றைக்குச் செயற்கை நுண்ணறிவு. உழைப்பவரின் மாண்பைக் காக்கும் கடமை மறுபடியும் வந்திருக்கிறது என்பது அவர் கருத்து.

அதை வாசித்துக்கொண்டிருந்தபோது அடுப்படியில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் 11 ஆண்டுகளாக வேலை செய்கிற அம்மா. நான்கு ஆண்டுகளாக அதே சம்பளம். இடையில் எனக்கு அகவிலைப்படி எத்தனையோ முறை ஏறிவிட்டது. "அவங்க கேக்கவே இல்லையே" என்பதுதான் நான் எனக்கே சொல்லிவந்த சமாதானம். அந்தச் சமாதானத்துக்கு 1891-லேயே பதில் எழுதிவைத்திருக்கிறார் தாத்தாவின் பெயர்கொண்ட பாப்பரசர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதைப் பாடமாக நடத்தியவன் நான். வெட்கமாக இருந்தது.

ஜூன் முதல் தேதி சம்பளத்தை உயர்த்திக் கொடுத்தேன். வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் சொன்னேன். எண்ணிப் பார்த்துவிட்டு, "என்ன சார் விசேஷம்?" என்று கேட்டார்.

"புதுசா ஒரு போப்பாண்டவர் வந்திருக்காரும்மா" என்றேன்.

"நல்லா இருக்கட்டும் மகராசன்" என்றார்.

பாக்கி இருந்த வேலை இதுதான்.

அமெரிக்கர் என்று நான் முகம் சுளித்த மனிதர், ஆண்டுக்கணக்கில் பெருவில் மறைப்பணி செய்து, 2015-இல் அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றவர். மாடத்தில் நின்ற முதல் இரவில் ஆங்கிலத்தில் ஒரு சொல்கூடப் பேசவில்லை. தம் பழைய சிக்லாயோ மக்களை ஸ்பானிய மொழியில் வாழ்த்தினார். எல்லையில் குண்டுச் சத்தம் கேட்ட அந்த இரவில், அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல் சமாதானம்.

பிள்ளைகளே, நெடுநாளைக்குப் பிறகு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். உங்கள் வீட்டிலும் கடையிலும் வேலை செய்பவர்களுக்குக் கடைசியாக எப்போது சம்பளம் உயர்த்தினீர்கள் என்று பாருங்கள். விடையை எனக்கு அனுப்ப வேண்டாம். நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று சார்