இரண்டாண்டுக் கெடு



வேலையிடத்து விபத்து என்றாலே நாம் இழப்பீட்டுத் தொகையைப் பற்றித்தான் பேசுகிறோம். எவ்வளவு கிடைத்தது, ஏன் கிடைக்கவில்லை என்று. அந்தத் தொகைக்கு முன்னால் வாசற்படிபோல ஒரு விதி கிடக்கிறது. எத்தனை நாளுக்குள் கேட்க வேண்டும் என்பது அந்த விதி. பனியன் கம்பெனியில் விரலை இழந்தவர்கள் பலர் தடுக்கி விழுவது அந்தப் படியில்தான்.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 1897இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட சட்டம் அதற்கு முன்மாதிரி. அங்கே உரிமை கோர ஆறு மாதம். இங்கேயும் ஆறு மாதம் என்றே எழுதினார்கள். அங்கிருந்த தொழிலாளிக்குப் பின்னால் சங்கம் இருந்தது. இங்கே ஆலைக்கு வந்தவரில் பெரும்பாலோருக்குக் கையெழுத்துப் போடவே தெரியாது. பிற்காலத் திருத்தங்களில் ஆறு மாதம் இரண்டாண்டாக நீண்டது. 2010 ஜனவரி 18 முதல் சட்டத்தின் பெயரும் மாறி, தொழிலாளர் ‘பணியாளர்’ ஆனார். கெடு அப்படியே நின்றுவிட்டது.

இரண்டு வருடம் போதாதா என்று நல்லெண்ணத்தோடு கேட்கும் வழக்கறிஞர்கள் உண்டு. திருப்பூரில் அந்த இரண்டு வருடம் எப்படிக் கரைகிறது என்று பார்ப்போம்.

1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. அதற்குப் பின் ஏற்றுமதி பெருகப் பெருக வேலை சிதறியது. நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், தைப்பது காண்ட்ராக்டரிடம், செக்கிங் இன்னொரு தெருவில். கட்டிங் மிஷினில் விரல் போன தொழிலாளிக்குத் தன் முதலாளி யார் என்பதே முதல் கேள்வி. காண்ட்ராக்டர் வைத்த ஆளுக்கும் முதன்மை முதலாளியே பொறுப்பு என்று சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் தைத்த துணி எந்தக் கம்பெனிக்குப் போனது என்பது கைமடிக்கு எப்படித் தெரியும்? தேடிக் கண்டுபிடிக்கவே மாதங்கள் ஓடுகின்றன. அதற்குள் ‘ஊருக்குப் போய் ரெஸ்ட் எடு, கை ஆறினதும் வேலை போட்டுத் தர்றேன்’ என்ற வாக்குறுதியும், வெள்ளைத்தாளில் ஒரு கையெழுத்தும். உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் 17ஆம் பிரிவின்படி செல்லாது. அதை அவரிடம் யாரும் சொல்வதில்லை.

சாதி இதில் எங்கே வருகிறது? பம்பாய் ஆலைகளில் நெசவுப் பிரிவுக்குள் தீண்டப்படாதவர்களை விடவில்லை என்பதை அம்பேத்கர் சுட்டிக்காட்டினார். அறுந்த நூலை எச்சில் தொட்டு முடிய வேண்டும் என்பதே அதற்குக் காரணம். எந்த வேலை யாருக்கு என்பதைச் சாதி தீர்மானித்தால், எந்த விபத்து யாருக்கு என்பதையும் அதுவே தீர்மானிக்கும். திருப்பூரைச் சுற்றிய கிராமங்களை ஆய்வு செய்த கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நெவ் இருவரும், விசைத்தறிகளில் தலித் தொழிலாளர்கள் முன்பணத்தால் கட்டப்பட்டிருப்பதை எழுதியிருக்கிறார்கள். முதலாளியிடம் பாக்கி வைத்திருப்பவர் அதே முதலாளி மேல் எப்படி மனுப்போடுவார்? அவருடைய இரண்டாண்டு, கடன் தீரும்முன்பே தீர்ந்துவிடும்.

பஞ்சாலைகளின் சுமங்கலித் திட்டம் இதைவிடக் கொடுமையானது. பெரும்பாலும் மூன்றாண்டு ஒப்பந்தம். மொத்தத் தொகை கடைசியில்தான். முதல் வருடத்தில் காயம்பட்ட பெண் வாய் திறந்தால் அந்தத் தொகை போய்விடும் என்று அஞ்சுகிறாள். மூன்றாண்டு முடிந்து விடுதியை விட்டு வெளியே வரும்போது சட்டத்தின் கெடு முடிந்திருக்கும். அந்த விடுதிகளுக்கு வந்த தலித் சிறுமிகள் எத்தனை பேர் என்பதை இந்த அரங்கில் விளக்க வேண்டியதில்லை.

பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் நோய் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. நோயால் தொடர்ந்து வேலைக்கு வராமல்போன முதல் நாளே விபத்து நாள். விடுப்பு நாளுக்குப் பின் திங்கட்கிழமை நெஞ்சு இறுகும். மற்ற நாளில் தணியும். நெஞ்சு இறுகினாலும் வேலைக்குப் போகிறவருக்கு அந்த ‘முதல் நாள்’ எது?

இஎஸ்ஐ இன்னொரு பொறி. காப்பீடு பெற்றவர் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் கேட்கக் கூடாது என்பது இஎஸ்ஐ சட்டத்தின் 53ஆம் பிரிவு. தான் காப்பீட்டில் இருக்கிறோமா இல்லையா என்று தெரியாமல் ஒரு வாசலில் நின்று, தவறான வாசல் என்று சில வருடம் கழித்துத் திருப்பி அனுப்பப்பட்டவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். விபத்துக்குப் பிறகு அவசரமாகப் பெயர் சேர்ப்பதையும் பார்த்திருக்கிறோம்.

தக்க காரணம் இருந்தால் ஆணையர் தாமதத்தை ஏற்கலாம் என்று 10ஆம் பிரிவு இடம் தருகிறது. நீதிமன்றத் தமிழில் இதற்குத் ‘தாமதத்தை மன்னித்தல்’ என்று பெயர். விரலை இழந்தவர் மன்னிப்புக் கேட்க வேண்டும்! தாமதத்தில் தாராளமாக நடந்துகொள்ளச் சொல்லும் 1987ஆம் ஆண்டின் புகழ்பெற்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பே (காத்திஜி வழக்கு) நான்கு நாள் தாமதமாக மேல்முறையீடு செய்த அரசுத் தரப்புக்காக வந்ததுதான். வழக்கை மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று ஆணையருக்கும் 2009 திருத்தம் கெடு வைத்திருக்கிறது. அது தவறினால் யாரும் மன்னிப்பு மனு போடுவதில்லை.

கெடுவை மீறிப் பின்னோக்கிப் பார்க்க நீதிமன்றத்தால் முடியும் என்பதற்கு நம்மிடம் சான்று இருக்கிறது. 2014 மார்ச் 27 அன்று, சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் வழக்கில், 1993 முதல் சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பங்களைக் கண்டறிந்து தலா 10 லட்சம் கொடுக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இருபத்தொரு வருடம் பின்னால் போனது அந்தத் தீர்ப்பு. தேடிப்போக வேண்டிய பொறுப்பையும் அரசின் தலையில் வைத்தது. 2023 அக்டோபரில் அத்தொகை 30 லட்சமானது. 2025 மே மாதம் பல்லடம் அருகே கரைப்புதூரில் சாய ஆலைக் கழிவுத் தொட்டியில் இறங்கி மூவர் மாண்டார்களே, அவர்களும் இந்தக் கணக்கில் வருகிறவர்கள்.

தேடிப்போகும் பொறுப்பு பழைய சட்டத்திலும் கொஞ்சம் இருந்தது. ஒருவர் இறந்த செய்தி எவ்வழியில் கிடைத்தாலும், முதலாளிக்கு அறிவிப்பு அனுப்பி முப்பது நாளில் விளக்கம் கேட்க 10ஏ பிரிவு ஆணையருக்கு அதிகாரம் கொடுத்தது. ஆனால் அது மரணத்துக்கு மட்டும். கை போனவருக்கு இல்லை. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து, இந்தப் பழைய சட்டங்களைத் தனக்குள் எடுத்துக்கொண்டது. இரண்டாண்டுக் கெடுவும் அதனோடு உள்ளே போய்விட்டது. ஒப்பந்தத்திலோ கடனிலோ கட்டுண்டவருக்கு அந்தக் கட்டிலிருந்து வெளியே வந்த நாளிலிருந்தே கெடுவை எண்ண வேண்டும். நிரந்தர ஊனத்துக்கும் ஆணையரே தொடங்கிவைக்கும் விசாரணை வேண்டும். இந்த இரண்டையும் மாநில அரசிடமும் தொழிற்சங்கங்களிடமும் எழுத்தில் கொடுக்க இருக்கிறோம். மாணவத் தோழர்கள் தங்கள் ஊரில் கை இழந்தவர்களின் விபத்துத் தேதி, விடுதியை விட்டு வந்த தேதி, கடன் தீர்ந்த தேதி மூன்றையும் குறித்துக் கொடுத்தால், அந்த மனுவோடு இணைப்போம்.