செல்போர்ன் தோட்டத்து நாட்குறிப்பு

இளவேனில் என்றதும் நமக்கு மாம்பூவும் வேப்பம்பூவும் நினைவுக்கு வரும். கூடவே வியர்வையும் வரும். குளிர்நாடுகளில் வசந்தம் இப்படி வருவதில்லை. பல மாதங்கள் உறைந்து கிடந்த மண் மார்ச்சு மாதத்தில் இளகத் தொடங்கும். ஒரு நாள் வெயில், மறுநாள் பனி. இன்று தளிர்த்த செடி நாளைக் காலையில் கருகிக் கிடக்கலாம். ஆகவே அங்கே வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவருக்கு வசந்தகாலம் என்பது முதலில் வேலைகளின் காலம். மகிழ்ச்சி அதற்கு இடையிடையே வருவது.

அப்படிப்பட்ட தோட்டம் ஒன்றின் கதையை இங்கே சொல்லப்போகிறேன். இடம், இங்கிலாந்தின் தெற்கே ஹாம்ப்ஷயர் மாவட்டத்துச் செல்போர்ன் என்னும் சிற்றூர். தோட்டத்துக்கு உரியவர் கில்பர்ட் ஒயிட் (1720–1793). தொழிலால் பாதிரியார். திருமணம் செய்துகொள்ளவில்லை, வாழ்நாளில் பெரும்பகுதியை அவ்வூரிலேயே கழித்தார். 1751-ஆம் ஆண்டு ஒரு குறிப்பேட்டைத் தைத்துக்கொண்டு, தோட்டத்தில் அன்றன்று நடந்ததை எழுதத் தொடங்கினார். எந்தப் பாத்தியில் எந்த விதை, எத்தனை வண்டி எரு, எந்த நாளில் முளை கண்டது, எது பனியில் போயிற்று என்பவைதாம் அதில் இருப்பவை. வேறு உயர்ந்த நோக்கம் எதுவும் அதில் தெரியவில்லை. இந்தச் சில்லறைக் குறிப்புகளுக்கு இயற்பியல் மாணவர் ஏன் மதிப்புக் கொடுக்க வேண்டும் என்பதே என் பேச்சு.

வசந்தத்தின் முதல் வேலை வெள்ளரிக்கும் முலாம்பழத்துக்கும் சூட்டுப்பாத்தி அமைப்பது. இரண்டும் வெப்பநாட்டுக் கொடிகள். இங்கிலாந்தின் குளிர்ந்த மண்ணில் விதையை நேரே ஊன்றினால் அது அழுகிப்போகும். ஆகவே வண்டி வண்டியாகப் புதுக் குதிரை லத்தியை வைக்கோலோடு சேர்த்துக் கொட்டி, மிதித்து, மேடையாக்குவார்கள். அதன்மேல் நல்ல மண் பரப்பி, மரச்சட்டம் வைத்துக் கண்ணாடியால் மூடுவார்கள். புது எருக்குவியலுக்குள் கையை நுழைத்துப் பார்த்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதன் இரகசியம் உடனே விளங்கும். உள்ளே கை வைக்க முடியாதபடி சுடும். கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வைக்கோலையும் சாணத்தையும் சிதைக்கும்போது வெளிப்படும் வெப்பம் அது. குவியலின் நடுவில் வெப்பநிலை 60 டிகிரி செல்சியசையும் தாண்டும். அந்த முதற்சூடு தணியுமுன் விதைத்தால் வேர் வெந்துவிடும். அதிகம் தணியவிட்டால் விதை முளைக்காது. இடையில் இருக்கும் சரியான நாளைக் கண்டுபிடிப்பதே தோட்டக்காரரின் திறமை.

பெரும்பாலானோர் இதைக் கையால் தொட்டே தீர்மானித்தார்கள். ஆனால் வெப்பமானி அதற்கு முன்பே தோட்டத்துக்குள் வந்துவிட்டது. செல்போர்னுக்கு அருகிலிருந்த ஃபேரிங்டன் ஊரின் பாதிரிப் பொறுப்பையும் வகித்த ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் அறிவியலாளர், தண்டின் நீளம் வேறுபட்ட பல வெப்பமானிகளை மண்ணில் வெவ்வேறு ஆழங்களில் புதைத்து அளந்து, 1727-இல் நூலாக வெளியிட்டார். ஒயிட்டுக்கு இவர் நன்கு அறிமுகமானவர்.

மேலே மூடிய கண்ணாடியைப் பற்றி ஒரு சொல். கண்ணாடி ஒளியை உள்ளே விடுகிறது, அகச்சிவப்புக் கதிர்களை வெளியே விடுவதில்லை, அதனால்தான் உள்ளே சூடு தங்குகிறது என்று நாம் வகுப்பில் சொல்வது வழக்கம். நானும் சொல்லியிருக்கிறேன். 1909-இல் ஆர். டபிள்யூ. வுட் என்னும் அமெரிக்க இயற்பியலாளர் இரண்டு பெட்டிகளைச் செய்தார். ஒன்றைக் கண்ணாடியாலும் மற்றொன்றை அகச்சிவப்பைத் தடுக்காத பாறையுப்புத் தகட்டாலும் மூடி வெயிலில் வைத்தார். இரண்டிலும் வெப்பநிலை ஏறத்தாழ ஒரே அளவுக்கு உயர்ந்தது. சூடான காற்று மேலெழுந்து போய்விடாமல் மூடி தடுப்பதுதான் பெருங்காரணம் என்பது இதன் பொருள். பாடநூல்கள் இதை இன்னும் முழுமையாக ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

மாலையானதும் அடுத்த வேலை. கண்ணாடிச் சட்டங்களின் மேலும், சுவரோரப் பழமரங்களின் மேலும் பாய் விரித்து மூட வேண்டும். காலையில் எடுக்க வேண்டும். வானம் தெளிந்து, காற்று அசையாத இரவுகளில் இதை மறந்தால் பூ முழுவதும் போய்விடும். மெல்லிய பாய் எப்படிக் குளிரைத் தடுக்கும்? பாய் மூடிய இடத்திலும் சுற்றியுள்ள அதே குளிர்காற்றுதானே இருக்கிறது? இந்தக் கேள்வியைக் கேட்டுத் தோட்டக்காரர்களைப் பார்த்துச் சிரித்தவர்களில் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்னும் லண்டன் மருத்துவரும் ஒருவர். பிற்பாடு அவரே பனித்துளியைப் பற்றி ஆராயப் புகுந்து, புல்வெளியில் நான்கு குச்சிகளை நட்டு, ஆறு அங்குல உயரத்தில் மெல்லிய கைக்குட்டை ஒன்றை இழுத்துக் கட்டினார். தெளிந்த இரவில், கைக்குட்டையின் கீழிருந்த புல் அருகிலிருந்த வெற்றிடத்துப் புல்லைவிடப் பல டிகிரி வெப்பமாக இருந்தது.

விளக்கம் இதுதான். இரவில் புல்லும் இலையும் வானை நோக்கித் தம் வெப்பத்தைக் கதிர்வீச்சாக இழந்துகொண்டே இருக்கின்றன. தெளிந்த வானிலிருந்து திரும்பி வருவது மிகக் குறைவு. ஆகையால் இலை தன்னைச் சூழ்ந்த காற்றைவிடவும் குளிர்ந்துவிடுகிறது. இடையில் ஒரு துணி இருந்தால், அது இலையின் கதிர்வீச்சை வாங்கிக்கொண்டு தன் பங்குக்கு இலையின் பக்கம் வீசுகிறது. செலவுக்கு ஏற்ற வரவு கிடைத்துவிடுகிறது. மேகம் மூடிய இரவில் பனி பெய்யாததற்கும் இதுவே காரணம். வெல்ஸ் தம் நூலை 1814-இல் வெளியிட்டபோது, அரைகுறை அறிவின் செருக்கால் தோட்டக்காரர்களை எள்ளியதாக ஒளிக்காமல் எழுதினார். அவ்வாண்டு அவருக்கு ராயல் சொசைட்டியின் ரம்ஃபோர்டு பதக்கம் கிடைத்தது. பெயர் தெரியாத எத்தனையோ தோட்டக்காரர்கள் அதற்கு முன்பே பாய் விரித்துக்கொண்டிருந்தார்கள்.

இனி, ஒயிட்டின் குறிப்புகளிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். அது வசந்தத்தைப் பற்றியதன்று; அடுத்த வசந்தத்தையே பாதித்த ஒரு குளிரைப் பற்றியது. 1784 டிசம்பர் 10-ஆம் நாள் இரவு 11 மணி. காற்று அசையவில்லை. டாலண்டு என்பார் செய்த வெப்பமானி, பாரன்ஹீட் அளவில் சுழியத்துக்கும் ஒரு டிகிரி கீழே, அதாவது ஏறக்குறைய –18 டிகிரி செல்சியசுக்குச் சென்றுவிட்டது. பள்ளத்திலுள்ள தம் தோட்டத்திலேயே இவ்வளவு குளிர் என்றால், 200 அடிக்கு மேல் உயரத்திலுள்ள நியூட்டன் என்னும் பக்கத்து ஊரில் எவ்வளவு இருக்கும்! அன்று காலையிலேயே அங்கிருந்த நண்பருக்கு எழுதி, அவருடைய வெப்பமானியையும் வெளியே தொங்கவிட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார் ஒயிட். மேலே போகப்போகக் குளிர் மிகும் என்பது யாவரும் அறிந்ததுதானே.

விடை வந்தது. அதே இரவு 11 மணிக்கு நியூட்டனில் 17 டிகிரி பாரன்ஹீட். மேட்டில் குளிர் 18 டிகிரி குறைவு!

ஒயிட் என்ன செய்தார்? நண்பரின் கருவி பழுதென்று ஒதுக்கிவிட்டுப் போகவில்லை. ஐயம் வந்ததும் தம் கருவிகளில் ஒன்றை மேட்டுக்கு அனுப்பி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் செய்தார். இரண்டும் ஒரே அளவைக் காட்டின. பிறகு செடிகளைப் பார்த்தார். அவருடைய லாரல் வேலியும் சைப்ரசு மரங்களும் தீயில் காட்டியதுபோல் கருகியிருந்தன. மேட்டு ஊரிலோ அதே வகை மரங்கள் ஓர் இலையைக்கூட இழக்கவில்லை. கருவி சொன்னதற்குச் செடி சாட்சி. தாம் எதிர்பார்த்ததற்கு நேர்மாறானதை ஒளிக்காமல், எண்களோடு எழுதிவைத்தார்.

இன்று இதை வெப்பநிலைத் தலைகீழ்மாற்றம் என்கிறோம். தெளிந்த, அமைதியான இரவில் தரை குளிர்கிறது. தரையைத் தொட்ட காற்று குளிர்ந்து கனத்துப் பள்ளத்தில் தேங்குகிறது. மேலே உள்ள காற்று ஓரளவு வெப்பத்தோடு நிற்கிறது. ஆனால் 1784-இல் இதற்கான அடிப்படையே உருவாகவில்லை. எல்லாப் பொருள்களும் எப்போதும் கதிர்வீசிக்கொண்டும் வாங்கிக்கொண்டும் இருக்கின்றன என்ற கொள்கையை ஜெனீவாவின் பியர் பிரவோ வெளியிட்டது 1791-இல்தான்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஆண்டுதோறும் ஒன்றைப் பார்க்கிறேன். வரைபடத்தில் ஐந்து புள்ளிகள் ஒரு கோட்டில் விழும். ஆறாவது விலகி நிற்கும். மாணவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஆறாவதை ரப்பரால் அழித்து, கோட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்றை வைப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மதிப்பெண் தருவது கோட்டுக்குத்தான். நானும் மாணவனாக இருந்தபோது அதையேதான் செய்தேன். செல்போர்ன் பாதிரியார் அந்த ஆறாவது புள்ளியை அழித்திருந்தால் நமக்குத் தெரிந்தே இருக்காது.

1768 முதல் ஒயிட்டின் குறிப்புகள் இன்னும் ஒழுங்குபட்டன. டெயின்ஸ் பாரிங்டன் என்னும் நண்பர் கட்டம் போட்டு அச்சிட்ட தாள்களை உருவாக்கியிருந்தார். காற்றழுத்தம், வெப்பநிலை, காற்றின் திசை, மழை, எந்த மரம் முதலில் துளிர்த்தது, எந்தச் செடி முதலில் பூத்தது, எந்தப் பறவை வந்தது என ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். இறக்கும்வரை 25 ஆண்டுகள் அதை நிரப்பினார். எல்லாமே அவர் கை வேலை என்று எண்ணிவிட வேண்டாம். தாமஸ் ஹோர் என்னும் வேலையாள் நாற்பது ஆண்டுக்காலம் அவரிடம் இருந்தார். லத்தி சுமந்ததும், மண் வெட்டியதும், பாய் விரித்ததும் பெரும்பாலும் அவர்தாம். ஒயிட் வெளியூர் போன நாட்களில் மழையளவைக் குறித்து வைத்தவரும் அவரே.

கட்டங்களுக்குள் அடங்காத இன்பங்களும் குறிப்புகளில் உண்டு. 1780 மார்ச்சில், இறந்துபோன அத்தையின் வீட்டுத் தோட்டத்தில் மண்ணுக்குள் குளிர்கால உறக்கத்திலிருந்த ஆமையைத் தோண்டி எடுத்து, 80 மைல் வண்டியில் வைத்துக் கொண்டுவந்தார். வண்டியின் ஆட்டத்தில் அது விழித்துக்கொண்டது. தோட்டத்தில் விட்டதும் அடிக்கோடிவரை இரண்டு முறை நடந்து பார்த்தது. மாலையில் குளிரவே மீண்டும் மண்ணுக்குள் புகுந்துகொண்டது. திமோத்தி என்ற அந்த ஆமை ஒவ்வோர் ஏப்ரலிலும் எந்த நாளில் தலை நீட்டுகிறது என்பதும் குறிப்பில் ஏறியது. அது ஒயிட் இறந்து ஓராண்டு வரை வாழ்ந்தது. அதன் ஓடு இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓட்டைச் சோதித்தவர்கள் திமோத்தி பெண் ஆமை என்று கண்டார்கள்.

இதே காலத்தில் நார்ஃபோக் மாவட்டத்தில் ராபர்ட் மார்ஷம் (1708–1797) என்பவர் 1736 முதலே வசந்தத்தின் வருகையைத் தேதியிட்டு வந்தார். ஸ்னோடிராப் பூத்த நாள், ஓக் தளிர்த்த நாள், தகைவிலான் வந்த நாள், குக்கூ கூவிய நாள், தவளை கத்திய நாள் என 27 அறிகுறிகள். 1789-இல் ராயல் சொசைட்டியின் இதழில் அவை வெளிவந்தன. அதே ஆண்டைத் தாங்கி வெளிவந்த ஒயிட்டின் செல்போர்ன் நூலைப் படித்துவிட்டு மார்ஷம் கடிதம் எழுத, எழுபது வயதான ஒயிட்டுக்கும் எண்பதைத் தாண்டிய மார்ஷமுக்கும் நட்பு முளைத்தது. ஒயிட் மார்ஷமுக்குக் கடைசியாக எழுதியது 1793 ஜூன் 15-இல். பதினொரு நாட்களில் மறைந்தார். மார்ஷமின் குடும்பத்தார், இடையே சில ஆண்டுகள் விடுபட்டாலும், 1958 வரை அந்தப் பட்டியலைத் தொடர்ந்தார்கள்.

1926-இல் மார்காரி என்பவர் அந்தப் பட்டியலை வெப்பநிலைப் பதிவுகளோடு ஒப்பிட்டார். வெப்பம் மிகுந்த ஆண்டுகளில் தளிரும் பூவும் எவ்வளவு முந்துகின்றன என்று அப்போதே கணக்கிட முடிந்தது. பின்னர், 1753 முதல் 2019 வரை பிரிட்டனில் பலர் எழுதிவைத்த நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட முதற்பூத் தேதிகளைத் திரட்டி, 406 தாவர இனங்களுக்குக் கணக்கிட்டு, 2022-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. 1986 வரையிலான சராசரியோடு பார்க்க, 1987-க்குப் பிந்தைய ஆண்டுகளில் முதற்பூ ஏறத்தாழ ஒரு மாதம் முந்திவிட்டது. பூ சீக்கிரம் வருவது நல்லதுதானே என்று தோன்றலாம். பாய் விரித்த தோட்டக்காரரைக் கேட்டால் வேறு பதில் சொல்வார்: முந்திப் பூத்த மரத்தைப் பிந்திய உறைபனி ஒரே இரவில் முடித்துவிடும்.

இத்தகைய பழைய குறிப்புகளைக் கையாள்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்து 1752 செப்டம்பரில்தான் புது நாட்காட்டிக்கு மாறியது. அம்மாதம் 2-ஆம் தேதிக்கு மறுநாள் 14-ஆம் தேதி ஆயிற்று. ஒயிட் குறிப்பெழுதிய முதல் இரு வசந்தங்களின் தேதிகளும், மார்ஷமின் முதல் பதினேழு வசந்தங்களின் தேதிகளும் பழைய கணக்கில் எழுதப்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் 11 நாட்கள் கூட்டிய பிறகே இன்றைய தேதியோடு ஒப்பிட வேண்டும். இல்லாவிட்டால் பூக்கள் அன்றே 11 நாள் முந்திப் பூத்தது போலத் தோன்றும். 2022-ஆம் ஆண்டு ஆய்வு தொடங்கும் 1753, புது நாட்காட்டி கண்ட முதல் வசந்தம்.