வட்டுக்கோட்டைச் செமினரியும் மௌனா கேயா மலையும்: வானியலும் நிலவுரிமையும் பற்றிய ஒரு நோக்கு

ஹவாய்த் தீவின் மௌனா கேயா மலைமீது முப்பது மீற்றர்த் தொலைநோக்கி ஒன்றை நிறுவும் முயற்சியை எதிர்த்து 2019 யூலையில் அத்தீவின் முதியோர் மலைப்பாதையில் அமர்ந்து கைதாயினர். 4,205 மீற்றர் உயரமான அம்மலை அவர்களுக்கு முன்னோர் வழிவந்த புனித நிலம். இப்போராட்டத்தை விஞ்ஞானத்துக்கும் சமய நம்பிக்கைக்கும் இடையிலான பிணக்கென விளக்கி, இரண்டையும் சமநிலைப்படுத்துமாறு அறிவுறுத்துவோர் பலர். வட்டுக்கோட்டைச் செமினரியின் வரலாற்றைப் பயின்றோர் இவ்விளக்கத்தை அப்படியே ஏற்பது கடினம்.

ஏனெனில், இவ்விரு நிலங்களிலும் மேனாட்டுக் கல்வியை வேரூன்றச் செய்தவர்கள் ஒரே நிறுவனத்தினர். பொஸ்ரன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க மிஷன் சபையின் பாதிரிமார் 1816 இல் யாழ்ப்பாணத்துக்கும் 1820 இல் ஹவாய்க்கும் வந்து சேர்ந்தனர். இங்கு 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரி தோன்றியது. அங்கு 1831 இல் லகைனாலூனாச் செமினரி தோன்றியது.

வட்டுக்கோட்டையில் வானியல் வெறும் பாடமாக அமையவில்லை. விரதம், விழா, முகூர்த்தம் என்று சைவ வாழ்வின் கால ஒழுங்கை வகுத்த பஞ்சாங்கத்தின் அதிகாரத்தைத் தகர்க்கும் கருவியாகவும் அது கருதப்பட்டது. 1829 இல் நிகழ்ந்த சந்திர கிரகணம் பற்றி அராலி விசுவநாத சாஸ்திரியார் செய்த கணிப்பும் தானியேல் பூவர் செய்த கணிப்பும், தொடங்கும் நேரம், நீடிக்கும் காலம், மறைப்பின் அளவு என்பனவற்றில் வேறுபட்டன. பூவரின் கணிப்பே சரியாயிற்று. மிஷன் எழுத்துக்கள் இதனைப் பெருவெற்றியாகப் பேசின. ஆயினும் பஞ்சாங்கம் மறைந்துவிடவில்லை. மாறாக, பாதிரிமாரே அதன் கணிதமுறையைக் கற்கவேண்டியவராயினர். செமினரி அதிபர் ஹொய்சிங்ரன் இந்து வானியல் பற்றி மொழிபெயர்ப்போடும் குறிப்புக்களோடும் 1848 இல் வெளியிட்ட நூல் இதற்குச் சான்று. மறுக்கும் நோக்கில் எழுந்ததெனினும், எதிராளியின் அறிவை ஓர் அறிவுமுறையாக ஏற்றுக்கொண்டே அது வாதிடுகின்றது. சாஸ்திரியார் ஒரு கிரகணத்தில் தோற்றார். அதனால் அவர் காணி எதனையும் இழக்கவில்லை.

அதே 1848 இல் ஹவாயில் 'மகேலே' எனும் நிலப்பங்கீடு நிகழ்ந்தது. அதற்கு வழிவகுத்த நிலவுரிமை ஆணைக்குழுவின் முதல் தலைவர் வில்லியம் றிச்சாட்ஸ், முன்னர் அதே சபையின் பாதிரியார். குடிமக்கள் மரபுவழி அனுபவித்துவந்த நிலம் விற்பனைப் பண்டமாயிற்று. மிஷன் குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் கரும்புத்தோட்ட முதலாளிகளாயினர். 1893 இல் லிலியுவோகலானி அரசி வீழ்த்தப்பட்டபின் ஆட்சித் தலைமை ஏற்ற சான்போட் டோல் ஒரு பாதிரியாரின் மகன். 1898 இல் ஐக்கிய அமெரிக்கா தீவுகளை இணைத்துக்கொண்டபோது ஏறத்தாழ 18 இலட்சம் ஏக்கர் முடிக்காணியும் அரச காணியும் கைமாறின. மௌனா கேயாவின் உச்சியும் அவற்றுள் அடங்கும். 1968 இல் அது ஹவாய்ப் பல்கலைக்கழகத்துக்கு 65 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. காலப்போக்கில் அங்கு 13 தொலைநோக்கிகள் எழுந்தன. நிலம் பறிபோனது முன்னர். தொலைநோக்கி வந்தது பின்னர்.

யாழ்ப்பாணத்தில் இவ்வாறு நிகழாமைக்குப் பாதிரிமாரின் நற்குணத்தைக் காரணங்காட்டுதல் பொருந்தாது. பிரித்தானிய ஆட்சி அவர்களைச் சந்தேகத்துடன் நோக்கியது. புதிய அமெரிக்கப் பாதிரிமாரின் வருகையை 1820 முதல் 1833 வரை தடுத்தும் வைத்தது. பச்சிலைப்பள்ளித் தென்னந்தோட்டங்களை விட்டால், கிணற்றுப் பாசனத்தாற் சிறுதுண்டுகளாக நெருங்கிக் கிடந்த குடாநாட்டு நிலம் பெருந்தோட்ட மூலதனத்தை ஈர்க்கவுமில்லை. அது கண்டி மலைநாட்டை நாடிற்று. 1840 ஆம் ஆண்டின் முடிக்காணிச் சட்டம் அதற்குத் துணைநின்றது.

இங்கு முற்போக்காளர் ஒருவர் நியாயமானதொரு வினாவை எழுப்பலாம்: புனிதம் என்ற கோரிக்கையை நாம் எவ்வாறு ஆதரிப்பது? மௌனா கேயா குத்தகைக்கு விடப்பட்ட அதே 1968 இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் தாழ்த்தப்பட்ட மக்கள் தடுத்துநிறுத்தப்பட்டனர். தடுத்தோர் கூறிய காரணமும் புனிதமே. ஹவாயிலும் 'கபு' எனும் விலக்குமுறை பெண்களையும் குடிமக்களையும் ஒடுக்கிற்று. பாதிரிமார் வருவதற்கு முன், 1819 இல், ஹவாய் அரசகுடும்பத்தினரே அதனை முறித்தனர். எனவே புனிதம் என்ற சொல் தன்னளவில் ஒரு நியாயமாகாது. அதனைச் சொல்பவர் கதவை மூடுபவரா, நிலத்தினின்று வெளியேற்றப்பட்டவரா என்பதே நோக்கற்பாலது. மாவிட்டபுரத்தில் முதலாமவரையும் மௌனா கேயாவில் இரண்டாமவரையும் காண்கின்றோம். இரண்டையும் ஒரே தராசில் இட்டு நிறுப்பது வரலாற்றுணர்வு அன்று.

மாவிட்டபுரத்தின் பிற்கதை இதனை மேலும் தெளிவாக்கும். 1990 இல் அவ்வூரும் அயலிலுள்ள கீரிமலையும் இராணுவ உயர்பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டன. அன்று உள்ளே நின்ற சாதியினரும் வெளியே நின்ற சாதியினரும் பல ஆண்டுகள் ஒருங்கே வெளியே நின்றனர். கிரகணக் கணிப்பிலே தோற்ற விசுவநாத சாஸ்திரியார் நகுலமலைக் குறவஞ்சியின் ஆசிரியராகவும் அறியப்படுபவர். அந்த நகுலமலை இக்கீரிமலையே.

ஹவாயில் 2022 ஆம் ஆண்டுச் சட்டமொன்று மௌனா கேயாவைப் பேணப் புதிய அதிகாரசபை ஒன்றை உருவாக்கியது. வானியலாளர் சார்பிலும் மலையின் மரபைப் பேணுவோர் சார்பிலும் அதில் இடமுண்டு. ஆயினும் அங்கத்தவரிற் பெரும்பாலோரை நியமிப்பவர் மாநில ஆளுநர். பல்கலைக்கழகத்தின் குத்தகை 2033 இல் முடிவடைகின்றது. காணி உறுதி யார் பெயரில் இருக்கவேண்டும் என்ற கேள்வியை அச்சட்டம் தொடவில்லை.