இணையத்தில் முகம் மறைத்த துன்புறுத்தலும் இந்தியச் சட்டமும்

பெயரை மறைத்துக்கொண்டு இணையத்தில் ஒருவரை மிரட்டுவது, இழிவுபடுத்துவது, விடாமல் தொந்தரவு செய்வது ஆகியவற்றுக்கு எதிராக இந்தியாவில் பல சட்டங்கள் வந்தன. அவற்றில் சில பேச்சுரிமையோடு மோதி வீழ்ந்தன.

மொட்டைக் கடித மிரட்டலுக்கு 1860இலேயே சட்டம் இருந்தது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 507ஆம் பிரிவு, பெயர் மறைத்து மிரட்டுவோருக்கு 2 ஆண்டு வரை கூடுதல் சிறை விதித்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இன்று 351(4)ஆம் பிரிவாக அது தொடர்கிறது.

இணையக் காலத்துக்கு முன்னுதாரணம் சென்னையில் கிடைத்தது. மணமுறிவு பெற்ற ஒரு பெண்ணின் பெயரில் போலிக் கணக்கு தொடங்கிய ஒருவர், யாஹூ குழுக்களில் ஆபாசச் செய்திகளோடு அவரது தொலைபேசி எண்ணையும் பரப்பினார். முன்பின் அறியாத ஆண்கள் அந்தப் பெண்ணை அழைக்கத் தொடங்கினர். 2004 பிப்ரவரியில் அவர் புகார் கொடுத்தார். சைபர் குற்றப் பிரிவு போலீசார் மும்பை வரை தடம் பிடித்துச் சென்று ஆளைக் கைது செய்தனர். பிரவுசிங் சென்டர்காரர்களும் சாட்சி சொன்னார்கள். அதே ஆண்டு நவம்பரில் எழும்பூர் நீதிமன்றம் தண்டனை வழங்கியது. முகமூடியைக் கழற்ற, இருந்த சட்டமும் முனைப்பான புலனாய்வுமே போதுமாக இருந்தன.

ஆனால் நாடாளுமன்றம் வேறு வழியில் போனது. 2008 டிசம்பரில் பெரிய விவாதம் ஏதுமின்றி நிறைவேறிய திருத்தம், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ பிரிவைச் சேர்த்தது. எரிச்சலூட்டுவது, அசௌகரியம் தருவது, அனுப்பியவர் யாரென்று மறைத்து ஏமாற்றுவது எல்லாம் 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றங்களாயின. தொலைபேசி ஊழியர்களை வசவிலிருந்து காக்க 1935இல் பிரிட்டன் எழுதிய சட்டத்தின் சொற்கள் இதில் எதிரொலித்தன.

இந்தப் பிரிவில் சிக்கியவர்கள் பலர் முகம் மறைத்தவர்களே அல்ல. 2012இல் அன்றைய மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜி பற்றிய கேலிப்படத்தைப் பகிர்ந்த கொல்கத்தா பேராசிரியர் கைதானார். அன்றைய நிதியமைச்சரின் மகனைப் பற்றி ட்வீட் செய்த புதுச்சேரிக்காரர் ஒருவரும் கைதானார். அவரைப் பின்தொடர்ந்தோர் வெறும் 16 பேர். சிவசேனா தலைவர் பால் தாக்கரே மறைவையொட்டி மும்பை முடங்கியதைக் கேள்வி கேட்ட இளம்பெண்ணோடு, அந்தப் பதிவுக்கு ‘லைக்’ போட்ட தோழியையும் பால்கர் போலீசார் விட்டுவைக்கவில்லை.

சட்ட மாணவி ஷ்ரேயா சிங்கால் தொடுத்த வழக்கில், 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் செலமேஸ்வர், நாரிமன் அமர்வு 66ஏவை ரத்து செய்தது. எது எரிச்சல் என்பது ஆளுக்கு ஆள் மாறும்; அப்படிப்பட்ட தெளிவற்ற சட்டம் குற்றமற்ற பேச்சையும் அஞ்சி அடங்கச் செய்யும் என்றது தீர்ப்பு. வெட்கக்கேடு என்னவென்றால், செத்த பிரிவில் போலீசார் தொடர்ந்து வழக்குப் போட்டார்கள். மக்கள் சிவில் உரிமைக் கழகம் மீண்டும் நீதிமன்றம் போக, 2022 அக்டோபரில்தான் அவற்றைக் கைவிடும்படி கண்டிப்பான உத்தரவு வந்தது.

பெண்கள் மீதான இணைய வசவைக் காரணம் காட்டி 2020 நவம்பரில் காவல் சட்டத்தில் 118ஏ பிரிவைச் சேர்த்துக் கேரளம் கொண்டுவந்த அவசரச் சட்டமும், எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது.

அடையாளத்தையே கட்டாயமாக்கும் கோரிக்கையும் சென்னையில் எழுந்தது. சமூக ஊடகக் கணக்குகளோடு ஆதார் போன்ற அரசு அடையாளத்தை இணைக்கக் கோரி 2018இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தொடரப்பட்டது. அது நாளடைவில் வாட்ஸ்அப் செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டறிவது பற்றிய வாதமாக மாறியது. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் அப்படிக் கண்டறியும் கடமையைப் பெரிய செய்திச் செயலிகள் மீது சுமத்தின. வசைபாடுபவரைக் காட்டிக்கொடுக்கும் அதே வசதி, ஊழலை அம்பலப்படுத்தும் ஊழியரையும் காட்டிக்கொடுக்கும். அனுப்பியவரைக் கண்டறிவதற்காகச் செய்திகளின் மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டு வெளியேற நேரும் என்று 2024இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வாட்ஸ்அப் தெரிவித்தது.