தூல்

கொரியத் தற்காப்புக் கலையான டேக்வாண்டோவில் கற்பனை எதிரியைத் தாக்கியும் தடுத்தும் தனியாகச் செய்துகாட்டும் அசைவுத் தொடர். சோய் ஹாங் ஹி 1966இல் தொடங்கிய சர்வதேசக் கூட்டமைப்பின் மரபில் தூல்கள் 24. இது ஒரு நாளின் மணி நேரக் கணக்கு. ஒலிம்பிக் வழியாகப் பரவிய மற்ற மரபில் இதற்குப் பூம்சே என்று பெயர்.

கருப்புப் பட்டையின் முதல் படியான முதல் தானுக்கு மூன்று தூல்கள். குவாங்கே, கோகுர்யோ அரசின் 19ஆம் மன்னர் பெயர். 39 அசைவுகள், அவர் பட்டமேறிய கி.பி. 391இன் முதல் இரண்டு இலக்கங்கள். போஉன் (36 அசைவுகள்), கோர்யோ அரசு சரிந்தபோதும் விசுவாசம் மாறாத சோங் மோங் சூவின் புனைபெயர். அவர் கொல்லப்பட்டது 1392இல். கையேடுகளோ 1400 என்று அச்சிடுகின்றன, மாணவர்களும் அதையே ஒப்பிக்கிறார்கள்.

கேபெக் (44 அசைவுகள்) பெக்ஜே அரசின் தளபதி பெயர். 660இல் அவர், தோல்வி நிச்சயம் என்று தெரிந்தே 5,000 வீரர்களுடன் களமிறங்கினார். புறப்படுமுன் மனைவி மக்களைத் தானே வெட்டினார் என்பது மரபுச் செய்தி. கையேடு அவரது கடும் ராணுவ ஒழுக்கத்தை மட்டும் சொல்லி நகர்ந்துவிடுகிறது.

தூல் பயிற்சியின் கட்டளைகள் எங்கும் கொரிய மொழியிலேயே: சார்யோத் (நேராக நில்), க்யோங்யே (வணங்கு), ஜுன்பி (தயார்).